இரவுக் குளிர் வந்துவிட்டது, தக்காளி இன்னும் காயாகவே நிற்கிறது. உதவி தேவை

காய்க்காரி (அக்டோபர் 7, இரவு)
அவசரம். செடி நிறையத் தக்காளி, ஒன்றுகூடப் பழுக்கவில்லை. இரண்டு கிழமையாக அப்படியே பச்சையாக நிற்கின்றன. இரவில் குளிர் கூடிவிட்டது. பறிப்பதா, விடுவதா? யாராவது உடனே சொல்லுங்கள்.

மலைத்தோட்டம்
எந்த ஊர் அம்மா? நான் குன்னூரில் இருக்கிறேன். இங்கே கடுங்குளிர் என்றால் டிசம்பர், ஜனவரிதான். தரையிலா, தொட்டியிலா? என்ன இனம்?

சாம்பல்சட்டி
எந்த ஊரானால் என்ன, சாம்பல் சத்துக் குறைவுதான் காரணம். அடுப்புச் சாம்பல் இரண்டு கைப்பிடி வேரடியில் போட்டுத் தண்ணீர் விடுங்கள். என் செடியில் பத்தே நாளில் சிவந்தது.

பழைய மண்வெட்டி
ஒவ்வொரு புரட்டாசியிலும் இதே கேள்வி. முன்பு எழுதியதைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. சாம்பலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தக்காளியைச் சிவக்க வைக்கும் லைக்கோபீன் 20 முதல் 25 டிகிரி வரையில்தான் நன்றாக உருவாகும். 10 டிகிரிக்குக் கீழே பழுப்பது ஏறக்குறைய நின்றுவிடும். இரவில் எத்தனை டிகிரி என்று சொல்லாமல் கேட்டால் நாங்கள் என்ன சொல்வது?

காய்க்காரி
மன்னியுங்கள். டொராண்டோ, ஸ்காபரோ. பின்வளவில் தரையில் ஆறு செடிகள். நாற்றாக வாங்கினேன், இனம் தெரியாது. ஆளுயரம் வளர்ந்து இன்னும் பூக்கின்றன. நேற்றிரவு 8 டிகிரி. வெள்ளி இரவு 2 என்கிறார்கள்.

பனிநாட்டு அக்கா
தங்கச்சி, நானும் உங்கள் பக்கம்தான். வெள்ளிக்கு முன் பறித்துவிடுங்கள். காற்றின் வெப்பம் 2 டிகிரி என்றாலும், மேகமும் காற்றும் இல்லாத இரவில் இலைமேல் உறைபனி படியும். பறிக்குமுன் ஒரு காயை அறுத்துப் பாருங்கள். உள்ளே வழுவழுப்பு நிறைந்து, கத்திக்கு அகப்படாமல் விதை வழுக்கினால் முற்றிய காய். அதைப் போன்றவை வீட்டுக்குள் பழுக்கும். விதை வெட்டுப்பட்டால் பிஞ்சு, அது சமையலுக்கு. இன்னும் ஓரிரவு விட வேண்டுமானால் பழைய படுக்கை விரிப்பால் தரைவரை மூடுங்கள். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், இலையில் ஒட்டிய இடமெல்லாம் கருகும். பூ பழமாக ஆறேழு கிழமை வேண்டும். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியிலேயே நுனிகளைக் கிள்ளிவிடுங்கள். ஒன்று கேட்க மறந்தேன்: தண்டில் பழுப்புத் திட்டு ஏதும் உண்டா?

ஜன்னலோரம்
பறித்ததும் ஜன்னல் வெயிலில் வரிசையாக வையுங்கள். வெயில் படாத பழத்தில் ருசி ஏது?

பழைய மண்வெட்டி
பறித்த காய்க்கு வெயில் தேவையே இல்லை, மிதமான சூடும், காயைப் பழுக்க வைக்கும் எத்திலீன் வாயுவும் போதும். யாழ்ப்பாணத்தில் வாழைக்குலையைக் குழியில் மூடிப் புகையூட்டிப் பழுக்க வைத்தார்களே, அங்கே வெயில் எங்கிருந்து வந்தது? புகையில் இருப்பதும் எத்திலீன்தான். பழுத்த வாழைப்பழம் ஒன்றோடு காகிதப் பையில் போட்டு 20 டிகிரி அறையில் வைத்தால் போதும்.

ஜன்னலோரம்
பழுக்கும், மறுக்கவில்லை. நான் பேசியது ருசியைப் பற்றி. செடியில் பழுத்ததைக் கடைசியாக எப்போது தின்றீர்கள்?

பழைய மண்வெட்டி
செங்காயாகப் பறித்தால் ருசி அதிகம் குறையாது. முழுப் பச்சையில் பறித்தது சற்றுப் புளிக்கும், ஒத்துக்கொள்கிறேன். பனியில் உறைந்து குழைந்ததற்கு அது எவ்வளவோ மேல்.

மலைத்தோட்டம்
பிஞ்சைச் சமைக்கலாமா? நச்சு என்று எங்கள் அத்தை தொடவே விடமாட்டார்.

சாம்பல்சட்டி
நச்சா? எங்கள் வீட்டில் பாசிப்பருப்போடு தக்காளிக்காய்க் கூட்டு வாரம் ஒருமுறை உண்டு.

பனிநாட்டு அக்கா
தொமாட்டின் என்ற கசப்புப் பொருள் காயில் உண்டு. கறியில் சேரும் அளவுக்குப் பயமில்லை. இலை, தண்டு சேர்க்காதீர்கள். நாங்கள் வெந்தயம் தாளித்துப் பால்கறி வைப்போம்.

சாம்பல்சட்டி
தேங்காய்ப்பாலா? புளிப்புக்குத் திரிந்துவிடாதா?

பனிநாட்டு அக்கா
பாலைக் கடைசியில், தீயைக் குறைத்து விட வேண்டும். அது இருக்கட்டும், தங்கச்சியிடமிருந்து தண்டைப் பற்றிப் பதில் இல்லையே. அது பின்கருகல் நோய் என்றால் அந்தச் செடியின் காயை மற்றவற்றோடு ஒரே பையில் போடக்கூடாது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் சில நாட்களில் தோட்டம் முழுக்கப் பரவிவிடும்.

காய்க்காரி (அக்டோபர் 22)
வியாழன் இரவு டார்ச் வெளிச்சத்தில் பறித்தோம், 63 காய்கள். ஓரச் செடியின் தண்டு கறுத்திருந்தது. அதைக் காயோடு பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டேன். வாழைப்பழத்தோடு வைத்ததில் 19 பழுத்துவிட்டன, மிச்சத்தில் பாதி செங்காய். பிஞ்சில் அம்மா பால்கறி வைத்தார். திரியவில்லை. நன்றி அக்கா.