புதுப்பிப்பு: எங்க வீட்டு பர்ப்பிள் மார்ட்டின் குஞ்சுங்க பறந்துடுச்சு

பர்ப்பிள் மார்ட்டின்ங்கிற தகைவிலான் வகைப் பறவை வந்து கூடு கட்டட்டும்னு ஏப்ரல்ல கொல்லைல கம்பம் நட்டு பிளாஸ்டிக் சுரைக்குடுக்கை தொங்கவிட்டேன், சிட்டுக்குருவி வந்து இடத்த பிடிச்சுக்குதுன்னு புலம்பியிருந்தேன்ல, அதோட அப்டேட். குருவி கட்டுற கூட்ட தினமும் எடுத்துப் போட்டுட்டே இருந்ததுல ஒரு மார்ட்டின் ஜோடி தங்கிடுச்சு, 5 முட்டைல 4 பொரிஞ்சு நாலுமே பறந்துடுச்சு! அம்மா தும்பிய முழுசா கொண்டுவந்து திணிக்கும், றெக்கை வாய்க்கு வெளிய துருத்திக்கிட்டு இருக்க குஞ்சு முழுங்கும், பாக்கவே அவ்ளோ அழகு.

ஜூலை கடைசில சவுத் கரோலினா லேக் மர்ரேக்கு போய் போட்ல பாம் ஐலண்ட் பக்கம் நின்னோம், ரெண்டாம் உலகப்போர் சமயத்துல குண்டு போட்டுப் பழகின தீவு அது. பொழுது சாய சாய நாலாபக்கமும் இருந்து மார்ட்டினுங்க லட்சக்கணக்குல ராத்தங்க வந்து இறங்குது, சத்தம் மழை மாதிரி. விடியறதுக்குள்ள கிளம்புறப்ப வானிலை ரேடார்லயே வளையமா தெரியுமாம். அடுத்து அதுங்க வலசை போறது பிரேசிலுக்கு. எங்க வீட்டு நாலு குஞ்சும் அந்தக் கூட்டத்துல இருந்திருக்கும்னு நம்புறேன்.