14ஆவது வார்டு யாருக்கு?

வாட்ஸ்அப் குழு: வடக்குத் தெரு குடும்பம்
21 நவம்பர் 2019, வியாழன்

கவிதா (7.12): அத்தை, செய்தி பார்த்தீர்களா? மேயருக்கும் நகராட்சித் தலைவருக்கும் இனி நாம் நேரடியாக ஓட்டுப் போட முடியாதாம். அவசரச் சட்டம்.

மல்லிகா: நிஜமாவா? போன வாரம்தானே தலைவர் பதவிக்குக் கட்சியில் விருப்ப மனு கொடுத்துப் பணம் கட்டினேன்

தங்கராஜ்: ரசீது பீரோவில் பத்திரமாக இருக்கிறது

செல்வி: அய்யய்யோ

சுந்தரம் (7.31): எல்லாரும் பொறுமையாகப் படியுங்கள். இதற்கு முன் நகராட்சியில் நமக்கு இரண்டு ஓட்டு. ஒன்று வார்டு கவுன்சிலருக்கு, இன்னொன்று தலைவருக்கு. இனி கவுன்சிலருக்கு மட்டும்தான். ஜெயித்த கவுன்சிலர்கள் கூடித் தங்களில் ஒருவரைத் தலைவராக்குவார்கள். மாநகராட்சி மேயருக்கும் பேரூராட்சித் தலைவருக்கும் இதே முறைதான். ஆனால் அவசரச் சட்டம் நிரந்தரம் கிடையாது. சட்டமன்றம் கூடியதும் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேற்ற வேண்டும். இல்லாவிட்டால் கூடிய நாளிலிருந்து ஆறு வாரத்தில் காலாவதி.

பாபு: பெரியப்பா, அப்போ அத்தை நிற்க முடியாதா?

சுந்தரம்: நிற்கலாம். முதலில் ஏதாவது ஒரு வார்டில் கவுன்சிலராக ஜெயிக்க வேண்டும்.

மல்லிகா: அப்படியென்றால் 14. பிறந்த தெரு இருக்கிற வார்டு

முருகேசன்: 14இல் நான் நிற்கிறேன் என்று ஆடி மாதமே சொன்னேனே அக்கா

செல்வி: காலையிலேயே ஆரம்பிக்காதீர்கள்

செல்வி: ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துக்குப் பெரிய இட்லிக் கொப்பரை வேண்டும். யார் வீட்டில் இருக்கிறது?

முருகேசன்: அண்ணே, ஒன்று கேட்கிறேன். தலைவர் ஒரு கட்சி, கவுன்சிலர்கள் வேறு கட்சி என்றால் ஒரு தீர்மானமும் நிறைவேறாது. அதனால்தான் மாற்றுகிறோம் என்று அரசாங்கம் சொல்கிறது. அதில் என்ன தப்பு?

சுந்தரம் (8.05): அந்த இழுபறியை நானும் பார்த்திருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் 2006இல் இதே மாதிரி கவுன்சிலர்களே தலைவரைத் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தல் நடந்தபோது நகராட்சி ஆபீசில் ஓட்டுச் சீட்டுக் கொடுத்த மேஜைக்குப் பக்கத்தில் நின்றவன் நான். கவுன்சிலர்கள் ஒரே வேனில் வந்து இறங்கினார்கள். நாலு நாளாக எங்கே இருந்தார்கள் என்று வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. ஒருவர் சீட்டை வாங்கும்போது கை நடுங்கியது, யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்கு முந்தைய தலைவரை நாமே தேர்ந்தெடுத்தோம். 2003இல் தண்ணீர் வராதபோது வடக்குத் தெருப் பெண்கள் குடத்தோடு அவர் வாசலுக்கே போனார்கள். "உனக்குத்தானே ஓட்டுப் போட்டோம்" என்று கேட்டது நம் அம்மா. மறுநாள் லாரி வந்தது. கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்த தலைவரிடம் அப்படி யார் போய்க் கேட்பது?

செல்வி: அம்மா அந்தப் பித்தளைக் குடத்தோடு போனாள். நானும் போனேன்

கவிதா: ❤️

பாபு: முன்னாடியும் இப்படி மாற்றினார்களா?

சுந்தரம்: 1996, 2001 நேரடி. 2006 மறைமுகம். 2011 நேரடி. 2016இல் மறைமுகம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள், அந்தத் தேர்தலை ஹைகோர்ட் ரத்து செய்தது. 2018இல் மறுபடி நேரடி. இப்போது மறுபடி மறைமுகம். இரண்டு கட்சி ஆட்சியிலும் இதுதான் கதை. இந்த மூன்று வருஷமாக நகராட்சியில் தலைவரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை, அரசாங்கம் போட்ட தனி அலுவலர்தான். சாக்கடை அடைத்தால் யாரிடம் சொல்வது என்றே தெரியவில்லை.

செல்வி: எங்கள் ஊரிலும் தலைவருக்கு ஓட்டு இல்லையா?

சுந்தரம்: ஊராட்சியில் மாற்றம் இல்லை. உனக்கு நாலு சீட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். ஒன்றியத் தலைவரையும் மாவட்டத் தலைவரையும் உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

செல்வி: ரோஸ் சீட்டு இருந்தால் போதும்

செல்வி: கொப்பரை???

தங்கராஜ் (8.40): கட்டிய பணம் திரும்ப வருமா? வந்தால்தான் சங்கிலியை மீட்க முடியும்

செல்வி: எந்தச் சங்கிலி?

தங்கராஜ்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி: மல்லிகாக்கா, அம்மா சங்கிலியா?

மல்லிகா: அப்புறம் போன் பண்ணுகிறேன்

செல்வி: அம்மா அதை எனக்கென்று சொன்னாள்

முருகேசன்: எல்லாருக்கும் ஒன்று சொன்னாள்

சுந்தரம்: அது தனியாகப் பேசலாம். சட்டமன்றம் கூடும் முன் எம்.எல்.ஏ.வுக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன், மசோதா வந்தால் எதிர்க்கச் சொல்லி. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும்.

பாபு: நான் சென்னையில் இருக்கிறேன் பெரியப்பா. டிக்கெட் கிடைத்தால் வருகிறேன்

முருகேசன்: படித்துப் பார்த்துச் சொல்கிறேன்

கவிதா: பாதி இடம் பெண்களுக்குத்தானே? 14 பெண்கள் வார்டு என்றால் சித்தப்பா நிற்க முடியாது

முருகேசன்: பொது வார்டுதான்

மல்லிகா: பொது வார்டில் பெண் நிற்கக் கூடாது என்று சட்டமா?

சுந்தரம்: கெசட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை இரண்டு பேரும் யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

செல்வி (9.26): காதுகுத்தில் இந்தப் பேச்சு வேண்டாம். குழந்தை விசேஷம்

முருகேசன்: கொப்பரை என் வீட்டில்தான். அக்கா வந்து எடுத்துக்கொள்ளட்டும், நேரில் பேச வேண்டும்

மல்லிகா: இவரை அனுப்புகிறேன்