பலகை அச்சுக்குப் போகும் முன்

மீனா: என் துணிக்கடை போர்டு டிசைன் வந்துவிட்டது. ராத்திரி எட்டு மணிக்குள் ஓகே சொன்னால் போர்டுக்காரர் நாளைக்கே அடித்துத் தந்துவிடுவாராம். ஆங்கில வரிகளை மட்டும் எல்லாரும் ஒரு தடவை பாருங்கள்.

மீனா: படத்தில் தெளிவாக இல்லை, இதோ: மீனாஸ் பொட்டீக். விமென்ஸ்' & சில்ட்ரன்ஸ் வேர். சாரி'ஸ், சுடிதார்'ஸ், நைட்டி'ஸ். நோன் ஃபார் இட்'ஸ் குவாலிட்டி. மதர்ஸ் டே ஆஃபர் 20%.

செல்வி மதினி: கலர் ரொம்ப நன்றாக இருக்கிறது மீனா. அந்தப் பச்சை தூரத்தில் இருந்தே தெரியும்.

சண்முகம் மாமா: மீனா, இன்னும் ஓகே சொல்லாதேம்மா. அப்பாஸ்ட்ரபி, அதுதான் எஸ் பக்கத்தில் மேலே வைக்கும் சின்னக் குறி ('), வேண்டிய இடத்தில் இல்லை, வேண்டாத இடத்தில் எல்லாம் இருக்கிறது.

மீனா: சொல்லுங்கள் மாமா, அதற்குத்தான் இங்கே போட்டேன்.

சண்முகம் மாமா: முதலில் சாரி, சுடிதார், நைட்டி. இங்கே யாருக்கும் எதுவும் சொந்தமில்லை, வெறும் பன்மை. குறியை எடுத்துவிடு. நைட்டிக்குக் கடைசியில் இருக்கும் ஒய் போய் ஐ-ஈ-எஸ் வர வேண்டும். அச்சுக்கு முன் ப்ரூஃப் பார்த்துப் பிழை திருத்திய காலத்தில் நான் அதிகம் திருத்தியது இதுதான். எஸ் எழுத்தைப் பார்த்ததும் கை தானாகக் குறியை வைத்துவிடுகிறது.

யாழினி: தாத்தா, எங்கள் மிஸ் பாய்ஸ்' ஹாஸ்டல் என்று எஸ்-க்கு அப்புறம் வைக்கச் சொன்னார்கள். அப்படியென்றால் விமென்ஸ்' சரிதானே?

சண்முகம் மாமா: மிஸ் சொன்னது சரி. சொந்தக்காரர் யார் என்பதை முதலில் முழுசாக எழுதிவிடு, அப்புறம் குறியை வை. ஹாஸ்டல் யாருடையது? பாய்ஸ். சொல்லே எஸ்-ல் முடிகிறது, அதனால் குறி மட்டும் போதும். துணி யாருடையது? விமென். அதுவே பன்மை, எஸ் இல்லை. அதனால் விமென் என்று எழுதிக் குறி வைத்து, பிறகு எஸ். சில்ட்ரனும் இதே மாதிரி. விமென்'ஸ், சில்ட்ரன்'ஸ்.

கார்த்தி: அக்கா, பிற்பாடு ஆம்பளைத் துணி சேர்த்தால் மென்ஸ்வேர் என்று ஒரே சொல்லாக எழுதலாம். அதற்குக் குறி கிடையாது.

சண்முகம் மாமா: ஆமாம். பிரித்து எழுதினால் மென்'ஸ் வேர், குறி வந்தே ஆக வேண்டும்.

சண்முகம் மாமா: அடுத்து இட்'ஸ். குறி வைத்தால் இட் இஸ், இல்லை இட் ஹேஸ். தரத்துக்குப் பேர் போன கடை என்று சொல்ல வந்த உன் பலகை இப்போது 'நோன் ஃபார் இட் இஸ் குவாலிட்டி' என்கிறது. ஹிஸ், ஹெர்ஸ், அவர்ஸ், யுவர்ஸ், தெயர்ஸ், இட்ஸ் எல்லாம் பிறக்கும்போதே உடைமைச் சொற்கள். குறி வேண்டவே வேண்டாம்.

யாழினி: மதர்ஸ் டே? எல்லா அம்மாவுக்கும் சேர்த்துத்தானே, அப்போது எஸ்-க்கு அப்புறமா?

கார்த்தி: இல்லை யாழினி. அமெரிக்காவில் 1908-ல் அந்த நாளைத் தொடங்கிய அன்னா ஜார்விஸ் அம்மையார் ஒருமைதான் வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். ஒவ்வொரு வீடும் தன் அம்மாவைக் கொண்டாடும் நாள் என்பது அவர் எண்ணம். 1914-ல் குடியரசுத் தலைவர் வில்சன் அறிவித்ததும் அந்தப் பெயரில்தான். மதர்'ஸ் டே.

செல்வி மதினி: இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் துணியைப் பார்ப்பார்களா, குறியைப் பார்ப்பார்களா?

கார்த்தி: மதினி, ஆஸ்திரேலியாவில் இந்தக் குறியால் வழக்கே நடந்தது. ஒரு வீட்டுத் தரகர் ஃபேஸ்புக்கில் இன்னொருவரைப் பற்றி, தன் எம்ப்ளாயீஸ் ஓய்வூதியப் பணத்தைக் கட்டவில்லை என்று எழுதினார். குறி இல்லை. ஒரே ஓர் ஊழியரைத்தான் சொன்னேன் என்று பிறகு வாதாடினார். குறி இல்லாததால் பல ஊழியர்கள் என்றும் படிக்கலாம், அப்படியென்றால் வழக்கமாகவே ஏமாற்றுகிறார் என்று பொருள் வந்துவிடும் என்று நியூ சவுத் வேல்ஸ் நீதிபதி 2021-ல் அவதூறு வழக்கைத் தொடர அனுமதித்தார். நாமும் தினம் இப்படித்தானே ஃபோனில் தட்டிவிடுகிறோம்.

செல்வி மதினி: அடேயப்பா. சரி, திருத்தியே போடு மீனா.

மீனா: கடைசியாகக் கடைப் பெயர். மீனாஸ் என்று சும்மா விட்டால் தப்பா? பெரிய கடைகளே குறி இல்லாமல் வைக்கிறார்களே.

கார்த்தி: பெயர் என்றால் உரிமையாளர் முடிவுதான் அக்கா. ஹாரட்ஸ், செல்ஃப்ரிட்ஜஸ் குறி இல்லாமல் இருக்கின்றன. வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை 2012-ல் குறியை எடுத்துவிட்டது. மெக்டொனால்ட்'ஸ், லீவை'ஸ் இன்னும் வைத்திருக்கின்றன. இங்கே லண்டனில் பிக்காடிலி மெட்ரோ ரயில் தடத்தில் அடுத்தடுத்து இரண்டு நிலையம், ஏர்ல்'ஸ் கோர்ட்டுக்குக் குறி உண்டு, பேரன்ஸ் கோர்ட்டுக்குக் கிடையாது.

சண்முகம் மாமா: பெயருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு, மற்ற வரிகளுக்கு இல்லை. என்னைக் கேட்டால் வை என்பேன். நீ தனியாளாக நின்று தொடங்கும் கடை. மீனாவுடைய கடை என்று அந்தக் குறி சொல்லட்டும்.

மீனா: வைக்கிறேன் மாமா. இப்போது சரியா? மீனா'ஸ் பொட்டீக். விமென்'ஸ் & சில்ட்ரன்'ஸ் வேர். சாரீஸ், சுடிதார்ஸ், நைட்டீஸ். நோன் ஃபார் இட்ஸ் குவாலிட்டி. மதர்'ஸ் டே ஆஃபர் 20%.

சண்முகம் மாமா: சுத்தமாக இருக்கிறது. 'மீனா ஆடையகம்' என்று தமிழில் மேலே பெரிய எழுத்தில் வரட்டும், ஆங்கிலம் கீழே. விதியும் அதுதான்.

மீனா: அனுப்பிவிட்டேன். சாரீஸில் குறியை எடுக்கச் சொன்னால், போர்டுக்காரர் எல்லாக் கடைக்கும் இப்படித்தானே அடிக்கிறோம் என்கிறார். எடுத்த பிறகு படம் அனுப்புங்கள், பார்த்துவிட்டுத்தான் முன்பணம் என்று சொல்லியிருக்கிறேன்.