குரும்காக்கே எண்ட நோர்வேயின்ர மெல்லிய கூம்புப் பலகாரம் நத்தார் வரைக்கும் மொறுமொறுப்பா இருக்க என்ன வழி?

கேள்வி: நோர்வேயில, பேர்கன் நகரத்தில, மாமியின்ர குசினியில இந்த முறை குரும்காக்கே சுடுறது என்ர பொறுப்பு. அவவின்ர அம்மா வைச்சிருந்த, பூவேலை போட்ட பலகாரம் சுடுற இரும்பு அச்சிலதான் சுடப்போறன். டிசம்பர் தொடக்கத்தில சுட்டு, 24ஆம் திகதி இரவு வரைக்கும் இளகாமல் எப்பிடி வைக்கிறது? இங்க மழையும் விடாது. மாமிக்கு மனசு நிறைய வேணும்.

பதில்: முட்டை, சீனி, பட்டர், மா நாலும் ஒரே எடை, கொஞ்சம் ஏலக்காய். வெளிறின நிறத்தில எடுக்காதேங்கோ, ஓரம் பொன்னிறமாகட்டும். எடுத்த கையோட மரக்கூம்பில சுத்துங்கோ, சில செக்கனில இறுகிடும்.

இன்னொருவர்: நல்லா ஆறினாப் பிறகுதான் தகர டின்னில போடவேணும். மெத்தெண்ட பலகாரத்தோட சேர்த்து வைக்கவே கூடாது, ஈரம் ஏறிடும்.

கேட்டவர்: நன்றி அக்கா. முல்தே எண்ட காட்டுப்பழம் போட்ட கிரீமை கூம்புக்குள்ள முதலே நிரப்பலாமோ?

பதில்: வேண்டாம் பிள்ளை, மேசைக்கு வாற நேரம்தான்.