ஐராட்டா லெவல் 1: நகையை அடகு வைத்துப் போகலாமா?

கிராண்ட்பாஸ் பையன்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 24 வயது. ஐந்து வருடமாகக் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டிப் பக்கம் தொடர்மாடிகளுக்கு வெளிச்சுவர் பெயின்ட் அடிக்கிறேன். பலகையில் உட்கார்ந்து ஒரே கயிற்றில் தொங்கித்தான் வேலை. உயரத்துக்குப் பயமில்லை.

ஒரு முகவர், ஐராட்டா (IRATA, கயிற்றில் தொங்கிச் செய்யும் வேலைக்கான சர்வதேசச் சங்கம்) தரும் லெவல் 1 சான்றிதழ் இருந்தால் கட்டாரில் வேலை எடுத்துத் தரலாம் என்கிறார். இந்தியா போய் 5 நாள் கோர்ஸ் செய்வது ஒரு வழி. இல்லையென்றால் கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் போகாமலே லெவல் 2 கார்ட் எடுக்கலாமாம், "உங்களுக்கு ஐந்து வருட அனுபவம் இருக்குத்தானே" என்றார். எதற்கும் அம்மாவின் நகையை அடகு வைத்தால்தான் காசு. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

மட்டக்குளி:
தம்பி, போகாமல் கார்ட் என்றால் அது கள்ளக் கார்ட். ஐராட்டாவின் இணையத்தளத்தில் கார்ட் நம்பரைப் போட்டால் ஆள் யார், எந்த லெவல், எப்போது முடிகிறது என்று தெரியும். என் மைத்துனரோடு போன ஒருவரை சைட் வாசலிலேயே பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். கட்டிய காசும் போய்விட்டது.

உயரவேலை (வத்தளை):
தம்பி, நான் லெவல் 3, அதாவது சுப்பர்வைசர் நிலை. பதினொரு வருடமாக வளைகுடாவில் கயிற்று வேலை, இப்போது லீவில் வீட்டில் இருக்கிறேன். அந்த லெவல் 2 பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். லெவல் 2-க்குப் போக, லெவல் 1 எடுத்து ஒரு வருடம் முடிந்திருக்க வேண்டும், லொக்புக்கில் (கயிற்று வேலை நேரத்தைப் பதியும் புத்தகம்) 1000 மணித்தியாலம் இருக்க வேண்டும். அதிலிருந்து லெவல் 3-க்கு இன்னொரு வருடம், இன்னொரு 1000. பலகையில் தொங்கிய ஐந்து வருடம் அந்தக் கணக்கில் வராது. உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அது வேறு முறை.

நாங்கள் எப்போதும் இரண்டு கயிற்றில் இருப்போம். ஒன்றில் நம் பாரம், மற்றதில் பாதுகாப்புக் கருவி. ஒவ்வொரு கயிற்றுக்கும் தனித்தனிக் கட்டு, ஒன்று போனாலும் மற்றது ஆளைப் பிடிக்க வேண்டும். நீங்கள் இப்போது ஒரே கயிற்றில் இருப்பதை வாசித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. கோர்ஸ் போகிறீர்களோ இல்லையோ, நாளைக்கே பாஸிடம் இரண்டாவது கயிறு கேளுங்கள். மொட்டை மாடிக் கட்டைச் சுவரின் விளிம்பில் கயிறு உரசும் இடத்துக்கு உறையும் கேளுங்கள். உறை விலகிய ஒரு மத்தியானம் என் கயிற்றின் வெளித்தோல் பஞ்சாகி, உள்ளே வெள்ளை நூல் தெரிந்ததை நானே பார்த்திருக்கிறேன். இரண்டாவது கயிறு இருந்ததால்தான் பதறாமல் இறங்கினேன்.

சரி, கோர்ஸ். குறைந்தது நான்கு நாள் பயிற்சி, ஐந்தாம் நாள் சோதனை. சோதிப்பவர் பயிற்சி நிறுவனத்தின் ஆளாக இருக்க முடியாது, வெளியிலிருந்து வருவார். தொங்கும்போது நீங்கள் ஒரே ஒரு இணைப்பில் மட்டும் இருப்பதை அவர் கண்டால் அத்தோடு பெயில். பழைய பழக்கம் உங்களை அங்கேதான் மாட்டிவிடும், கவனம்.

முதல் நாள் நான் கையால் இழுத்து இழுத்துக் கயிறு ஏறினேன். பத்து மீட்டர் போவதற்குள் முன்கை இறுகி, விரல் மடங்கவில்லை. காலால்தான் ஏற வேண்டும். குதிகாலைப் பின்பக்கத்துக்கு அடியில் மடக்கி, ஃபுட் லூப்பை (கால் வைக்கும் வளையம்) நேர் கீழே மிதித்து எழும்பினால் மார்பில் இருக்கும் ஜாமர் (கயிற்றில் மேலே மட்டும் நகரும் பிடிகருவி) தானாகக் கயிற்றை விழுங்கும். கை சமநிலைக்கு மட்டும்தான். இது பிடிபட எனக்கு ஒன்றரை நாள் ஆனது.

மீட்பும் கட்டாயம். கயிற்றில் மயங்கித் தொங்கும் ஆளிடம் போய், அவரை உங்களோடு கொளுவி இறக்க வேண்டும். அசையாமல் ஹார்னஸில் (உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டி) தொங்கினால் இரத்தம் காலிலேயே தேங்கிவிடும், தீயணைப்புப் படை வரும்வரை வைத்திருக்க முடியாது. அதனால்தான் ஒவ்வொரு சைட்டிலும் ஒரு லெவல் 3 நிற்க வேண்டும் என்பது விதி.

காசு கட்ட முன்னர் அந்தப் பயிற்சி நிறுவனம் ஐராட்டா உறுப்பினர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், லெவல் 1 எடுத்ததும் எங்கே மணித்தியாலம் சேர்ப்பீர்கள்? சான்றிதழ் மூன்று வருடம்தான். இடையில் ஆறு மாதம் கயிற்றில் ஏறாமல் இருந்தால் மறுபயிற்சி வேண்டும். வேலை எழுத்தில் வரும்வரை நகையைத் தொடாதீர்கள்.

வெள்ளவத்தை அக்கா:
என் கணவரும் இந்த வேலையில்தான். முகவரின் அனுமதிப்பத்திரம் செல்லுமா என்று பத்தரமுல்லையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேளுங்கள் தம்பி. பணியகத்தில் பதியாமல் விமானம் ஏறவே வேண்டாம்.

கிராண்ட்பாஸ் பையன்:
நன்றி அண்ணா, அக்கா. பாஸிடம் கயிறு கேட்டேன், அடுத்த கட்டடத்துக்குப் பார்ப்போம் என்றார். அந்த 1000 மணித்தியாலம் எவ்வளவு காலம் எடுக்கும்? பெயின்ட் வேலை தெரிந்திருப்பது அங்கே உதவுமா?

உயரவேலை (வத்தளை):
அடுத்த கட்டடத்துக்கு இல்லை தம்பி, இந்தக் கட்டடத்துக்கே கேளுங்கள்.

கயிற்று வேலை நேரம் மட்டும்தான் கணக்கு. வேன் ஓடிய நேரமும் கேன்டீனும் சேராது. நாளுக்கு ஐந்து மணித்தியாலம் என்றால் 200 வேலை நாள். லெவல் 3-யிடம் அன்றன்றே இல்லாவிட்டாலும் கிழமைக்கு ஒருமுறையாவது கையெழுத்து வாங்குங்கள். நான் ஏழு மாதம் "பிறகு வாங்கலாம்" என்று விட்டேன். சுப்பர்வைசர் வேறு நாட்டுக்குப் போய்விட்டார், கம்பெனியில் போனே எடுக்கவில்லை. 600-க்கு மேல் மணித்தியாலம் போய்விட்டது, இன்னும் மனது ஆறவில்லை.

பெயின்ட் பெரிய உதவி. கயிறு ஏறத் தெரிந்தவன் நிறையப் பேர். துருவைச் சுத்தம் செய்து, ஈரப் பூச்சின் தடிப்பைச் சீப்பு மாதிரித் தகட்டால் மைக்ரோனில் அளந்து, சரியாக ஸ்பிரே அடிப்பவன் குறைவு. அதையும் பழகிக்கொண்டு போனால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். இதயக் கோளாறு, வலிப்பு, தலைச்சுற்று ஏதும் இருந்தால் மட்டும் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

அதுவரைக்கும் இரண்டு மீட்டர் கயிறு வாங்கி 8 வடிவ முடிச்சு பழகுங்கள். இழைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது, முனை 10 சென்டிமீட்டராவது வெளியே நிற்க வேண்டும். படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.