தாத்தா படத்துக்குக் கீழே என்ன வரி?

பெரியப்பா: அச்சகத்துல இருந்து போன். காரியப் பத்திரிகைக்கு 5 மணிக்குள்ள மேட்டர் வேணுமாம். அப்பா படத்துக்குக் கீழே ஒரு வரி சொல்லுங்க.

சித்தி: கண்ணீர் அஞ்சலி போதுமே

அத்தை: அது எல்லாருக்கும் போடறது. அப்பா வாய்க்கு அது பத்தாது

சென்னை தம்பி: தாத்தாவோட தாய்ச்சீலை பழமொழி?

பெரியப்பா: பத்திரிகையில கோவணமாடா

திருச்சி சித்தப்பா: அவசரப்படாதீங்க. "தனக்குத் தனக்குன்னா தாய்ச்சீலையும் பதக்குக் கொள்ளும்." பதக்குன்னா 2 மரக்கால், 16 படி. அடுத்தவனுக்கு அளக்கிறப்போ சாக்கே நிறைஞ்சு வழியும். தனக்குன்னு வந்துட்டா கோவணத் துணியில 16 படி நெல்லு அடங்கிடும். களத்துல பங்கு பிரிக்கிற அன்னிக்கு, மரக்கால் மேல குவிஞ்ச நெல்லை உள்ளங்கையால வழிச்சுவிட்டுக்கிட்டே அப்பா இதைச் சொல்லுவார். யார் முகத்தையும் பார்க்க மாட்டார். சேர வேண்டியவங்களுக்குப் போய்ச் சேர்ந்துடும்.

அத்தை: யாருக்குச் சேர்ந்துச்சுன்னு எனக்குத் தெரியும்

பெரியப்பா: மோட்டார் கொட்டகைப் பேச்சு இங்க வேண்டாம்மா

அத்தை: நான் எடுக்கலையே அண்ணே

சித்தி: வாழை இலை 200 சொல்லட்டுமா?

சென்னை தம்பி: 250 சொல்லுங்க சித்தி. மேலத்தெரு மொத்தமும் வரும்

சித்தி: வடை உண்டுல்ல?

திருச்சி சித்தப்பா: குறள் 336 போடலாம். நிலையாமை அதிகாரம்.
"நெருநல் உளனொருவன் இன்றில்லை என்னும்
பெருமை உடைத்துஇவ் வுலகு."
நேத்து இருந்தவன் இன்னிக்கு இல்லை, உலகம் பெருமையா சொல்லிக்கிறதுக்கு இருக்கிறது இதுதானாம். சாவைப் பத்திப் பேசறப்பவும் வள்ளுவர் அழலை, உலகத்தைக் கேலி பண்றார். கயமையில பாருங்க, 1071: கயவன் பார்க்க அச்சு அசல் மனுசன் மாதிரியே இருப்பான், இப்படி ஒரு ஒற்றுமையை நான் வேற எங்கயும் கண்டதில்லைங்கிறார். அப்பாவுக்கு ரெண்டும் உயிர்.

சென்னை தம்பி: 1071 போட்டா மேலத்தெரு வராது 😂 இலை 200 போதும்

அத்தை: ஔவையார் நல்வழி போடுங்க. "பாடுபட்டுத் தேடிப் பணத்தைப் புதைத்துவைத்து." படுத்த படுக்கையிலயும் அப்பா அதை முழுசா சொன்னார். "யாரே அநுபவிப்பார் பாவிகாள் அந்தப் பணம்"னு முடிச்சுட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சார்

பெரியப்பா: அதைப் போட்டா நம்மளைத்தான் சொல்லுதுன்னு ஊர் பேசும்

அத்தை: பேசட்டும். அப்பா நாலு பேர் நடுவுல சொன்னதுதானே

சித்தி: போட்டோ எது? ரேஷன் கார்டுல இருக்கறது வேண்டாம், முறைச்சுக்கிட்டு இருக்கார்

சென்னை தம்பி: திண்ணையில உட்கார்ந்திருக்கறது. அனுப்பறேன்

பெரியப்பா: மணி 4:40. குறளை அனுப்பறேன்.

அத்தை: பின்பக்கம் காலியாத்தானே இருக்கு?

பெரியப்பா: பார்ப்போம்மா. அச்சகத்துல கேட்டுச் சொல்றேன்.

திருச்சி சித்தப்பா: ப்ரூஃப் எனக்கு அனுப்பச் சொல்லுங்க. நெருநல், ரெண்டு இடத்துலயும் ரெண்டு சுழி ன வராது, கவனம். முதல்ல ந, நடுவுல ந, கடைசியில ல்.

சித்தி: வடை கேட்டேனே