அலாட்மென்ட் துப்புரவாக்க யோசனை வேணும்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நாலு வருஷம் வெயிட்டிங் லிஸ்டில கிடந்து, போன கிழமைதான் லண்டனில அரைப் பிளொட் அலாட்மென்ட், அதுதான் மரக்கறி நட வாடகைக்குக் குடுக்கிற தோட்டத் துண்டு, கைக்கு வந்தது. 125 சதுர மீற்றர் எண்டு கடுதாசி சொல்லுது, கண்ணுக்குத் தெரியிறது காடுதான். தோள் உயரத்துக்கு நிண்ட பிளாக்பெரி முள்ளை வெட்டி மூலையில குவிச்சிட்டன். நெருப்பு வைக்கேல்லை, உள்ளுக்க முள்ளெலி படுத்திருக்கும் எண்டு பக்கத்துப் பிளொட் ஐயா மறிச்சுப்போட்டார்.

தலையிடி பைண்ட்வீட் எண்ட கொடிக் களை. வெள்ளை வேர், அவிச்ச இடியப்பம் மாதிரி, இழுத்தா டக்கெண்டு முறியுது. சின்னத் துண்டு மண்ணுக்க கிடந்தாலும் திரும்ப முளைக்கும். அதால ரொட்டவேட்டர், மண்ணைக் கொத்திப் புரட்டுற மெசின், வாடகைக்கு எடுக்கிற கதையை விட்டிட்டன், வேரைத் துண்டு துண்டாக்கிப்போடும். ஊரில கோரையோட மல்லுக்கட்டின அப்பாவும் போனில அதைத்தான் சொன்னவர்: "கொத்தாத, கிளறி எடு." போதாக்குறைக்கு ஆரோ முந்திப் போட்ட கார்ப்பெட் மண்ணுக்க உக்கிப்போய்க் கிடக்கு, நைலோன் நூல் நூலா வருது.

ஒக்டோபர் முடியப்போகுது. குளிர்காலத்துக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு மாத்தினா வேலையால வரேக்க இருட்டு. கால்வாசியைக் கிளறி உள்ளி நடப்போறன். மிச்சத்துக்குக் கார்ட்போர்ட் பரப்பி, மேல வெளிச்சம் போகாத கறுப்புப் பிளாஸ்டிக் சீட் போட்டா பைண்ட்வீட் ஒரு வருஷத்தில அடங்குமா, இல்லாட்டி ரெண்டு வருஷம் விடவேணுமா? மருந்தடிக்க மனமில்லை, பிள்ளையளும் வருவினம். செய்து பாத்த ஆக்கள் சொல்லுங்கோ.

சனிக்கிழமை காலமை ஆராவது மண் கிளறுற ஃபோர்க்கோட வந்தா, தேத்தண்ணியும் ரோல்ஸும் என்ர பொறுப்பு.